ஸ்டெபனியின் சுருதி

1.

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. டோர்செட் பார்க் என்ற பகுதியில், எங்கள் கட்டடத்தில் எல்லாரும் உடுப்புத் தோய்க்கும் லோன்றி அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும்; ஆள் யாரென்று பிறகுதான் தேடுவேன்.

“என்ர பழைய குரலை ஏன் எடுத்தனீங்கள்?”

“அதுக்கு மேலதானப்பா தாளமே கட்டினனான்.”

முதல் குரல் ஸ்டெபனி. தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்தவள், தைரொயிட் ஒப்பரேசனுக்குப் பிறகு குரல் தாழ்ந்து கரகரத்துவிட, பாட்டையே விட்டவள். மற்றது அவள் கணவன் றூபன். பகலில் ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் புதுவீடுகளுக்கு மின்வயர் இழுப்பான். மாலையில் கணினியில், டான்ஸ்ஹோல் என்ற கரீபியன் ஆட்ட இசைக்குத் தாளம் கட்டுவான்.

2.

(“ட்ரையரின் வட்டக் கண்ணாடிக்குள் நீலச் சட்டையொன்று நீந்த, இருவரும் கடலடியில் நின்று—” இந்த வரியை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும். அந்த அறையின் சூட்டில் எனக்கு அப்படித்தான் இருந்தது.)

கரீபியன் பாடகர்களிடம் ஒரு வழக்கம். ஒருவர் கட்டிய தாளத்தை எடுத்துப் பலரும் ஆளுக்கொரு பாட்டுப் பாடுவார்கள். தாளம் பொது, பாட்டு அவரவருடையது. றூபனின் தாளத்தில் நால்வர் பாடிவிட்டார்கள். ஐந்தாவது இடம் ஸ்டெபனிக்கு. ஆனால் தாளத்தின் அடியில் ஓடுவது, ஒப்பரேசனுக்கு முன் அவள் வாய்மூடி இசைத்துப் பதிவான பழைய ஹம்மிங். அவளைக் கேட்காமலே போட்டுவிட்டான்.

3.

றூபனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். அவன் ஒத்துழைக்கவில்லை.

“சந்தோசப்படுவீர் எண்டு நினைச்சனான்.”

“என்ர படத்துக்கு மாலை போட்டிட்டு என்னையே கூப்பிட்டுக் காட்டுறீங்கள்.”

“சரி, உமக்கு மட்டும் சுருதியை இறக்கித் தாறன்.”

“எனக்கு மட்டுமெண்டால் அது பரிதாபம். எல்லாருக்கும் ஒரே தாளம் எண்டுதானே பெருமையடிச்சனீங்கள். எனக்கு எட்டுற இடத்துக்கு அவையளும் இறங்கி வரட்டும்.”

“நாலு பேரும் திரும்பப் பாட வேணுமப்பா.”

“ஏலாட்டி என்ர குரலைக் கழட்டுங்கோ.”

கழற்றினால் நான்கு பாட்டும் சரிந்துவிடும்.*

* மற்றவர்கள் மெட்டுப் பிடித்ததே அந்த ஹம்மிங்கைக் கேட்டுத்தானாம். றூபன் சொன்னது, எனக்கு இசை தெரியாது.

4.

முடிவு ஒன்று: ஸ்டெபனி மனமிரங்கிப் பாடுகிறாள். எழுதினேன். அவள் வாயைத் திறக்கவில்லை.

முடிவு இரண்டு: றூபன் குரலைக் கழற்றுகிறான். கையை நீட்டுகிறான், பிறகு—

ஸ்டெபனி என் பக்கம் திரும்பினாள். “அன்ரி, எல்லாம் கேட்டுக்கொண்டுதானே நிக்கிறியள். நான் கேட்டது பிழையோ?”

“நான் துவாய் மடிக்கிறன், பிள்ளை.”

“அதையே எத்தினை தரம் மடிப்பியள்?”

இறக்கிய சுருதியில் திரும்பப் பாடுவானா என்று கேட்க, றூபன் கரீபியன் கிங்ஸ்ரனிலுள்ள டெல்றோய்க்குப் போன் எடுத்தான். நால்வரில் நன்றாகப் பாடியவன். அவனை நான் அறியேன். வாசகரே, நீங்கள் டெல்றோயாக இருங்கள். உங்கள் பாட்டில் குரல் உச்சிக்கு ஏறி நிற்கிற ஓர் இடம் உண்டு. சுருதி இறங்கினால் அது போய்விடும்.

போன் அடிக்கிறது. எடுக்கிறீர்கள். றூபன் பேசத் தொடங்குமுன் ஸ்டெபனி போனை வாங்கிவிட்டாள். வாயை மூடியபடியே இசைக்கத் தொடங்கினாள். உங்களுக்கு மனப்பாடமான அந்த ஹம்மிங் வருகிறது, நீங்கள் கேட்டிருந்ததைவிட ஓராள் ஆழத்தில், கரகரத்து, நடுவில் ஒருமுறை அறுந்து, திரும்பவும் சேர்ந்து.

நிறுத்திவிட்டாள். இனி நீங்கள்தான் பேசவேண்டும்.