கோட்டுக்கு அடியில் நெருப்பு

2017 ஆகஸ்ட் 31, வியாழன் காலை, மேற்கு மொன்டானாவின் ஹேலர் சரிவில் எரிந்த காட்டுத்தீ கட்டுக்குள் வந்துவிட்டதாக ஊர் வானொலி அறிவித்தது.

தீயணைப்புக் குழுத் தலைவி டார்லா அப்போது சாம்பலில் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு வேரடியில் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். புறங்கையைக் கிட்டே கொண்டுபோக முடியவில்லை. தீயைச் சுற்றி மண் தெரியச் சுரண்டிக் கோடு போட்டாயிற்று. அதற்குப் பெயர் வளைப்பது. வளைத்த தீ உள்ளே உயிரோடுதான் இருக்கும். பெருங்காற்று அடித்தாலும் கோட்டைத் தாண்டாது என்று கைவைத்துப் பார்த்த பிறகே கட்டுக்குள் என்பார்கள். அணைந்தது என்பது பனி விழுந்தபின் சொல்லும் சொல்.

அவள் நேரே முகாமுக்கு வண்டியை விட்டாள். மேலதிகாரி கிராண்ட் நின்றபடியே முட்டை தின்றுகொண்டிருந்தான்.

“ரேடியோல அப்படிச் சொன்னது யாரு?”

“நாந்தான். நாளைக்கு ரோடியோ, குதிரை அடக்குற திருவிழா. ரோட்டைத் திறன்னு ஊரே என் தலைமேல உக்காந்திருக்கு.”

“வளைச்சாச்சுன்னு சொல்றதுதானே?”

“சொன்னா, வீட்டைக் காலி பண்ணிட்டு வந்தவன் ‘அப்ப வீட்டுக்குப் போலாமா, கூடாதா’ம்பான்.”

“கேக்கட்டுமே! கூடாதுன்னு சொல்லு. மேற்கால வேரெல்லாம் கனன்னுக்கிட்டிருக்கு.”

“தெரியும், டார்லா.”

அந்தத் ‘தெரியும்’தான் அவளுக்கு உச்சந்தலையில் ஏறியது. பதினைந்து கோடை அவளோடு கோடு வெட்டியவன். தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பாள்.

“தெரிஞ்சே சொன்னியா? வாயா அது?”

“கத்தாதே. மத்தியானம் உன் குழு ஐடஹோவுல வேற தீக்குக் கிளம்புது. மேலிடத்து உத்தரவு.”

கோட்டுக்குக் கீழே அவள் தம்பி வெஸ்ஸின் பண்ணை. அவள் போய்ச் சேர்ந்தபோது, ஊருக்குள் கொண்டுபோய் வைத்திருந்த குதிரைகளை அவன் வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான்.

“திரும்ப ஏத்துடா!”

“போக்கா! காலைல உங்காளு கட்டுக்குள்ளங்கறான், இப்ப நீ இல்லேங்கறே. ரெண்டு பேரும் பேசி முடிவுபண்ணிட்டு வாங்க.”

“அவன் சொன்னது பொய்.”

“அப்ப அதையும் ரேடியோல வந்து சொல்லு.”

அவள் பெண்குதிரையின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அவன் அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். சாலையில் குழுவின் பேருந்து ஒலி எழுப்பியது.

ஞாயிறு மதியம் காற்று எழுந்தது. நெருப்பு வேர்வழியே கோட்டுக்கு அடியில் கடந்து மேய்ச்சல் நிலத்தில் வெளிவந்தது. லாயமும் நான்கு குதிரைகளும் எரிந்தன. வெஸ்ஸின் இரு கைகளும் வெந்துபோயின.

செவ்வாய்க்கிழமை கிராண்ட் வானொலியில் பேசினான். தீயை வளைத்தாயிற்று என்று சொன்னான்.