நாட்டு ஈரல் மேல் சத்தியம்

ஷாபானின் முதல் அடி எங்கள் தள்ளுவண்டியின் ஊறுகாய் ஜாடியை உடைத்தது. இரண்டாவது அடி என் கணவன் ஃபிக்ரியின் வாயில் விழுந்தது. ஈரலைத் திருப்பிக்கொண்டிருந்த கரண்டியோடு அவன் அப்படியே பின்னால் சாய்ந்து சுவரில் மோதினான்.

"டேய் ஃபிக்ரி! எம் பொண்ணுக்குக் கழுதைக் கறியாடா போட்ட?"

சாயங்கால அஸர் தொழுகை முடிந்து கூட்டம் சேரும் நேரம். எங்கள் இம்பாபா பேட்டையில் அந்த நேரத்துக்கு எங்கள் வண்டி முன்னால் நிற்க இடம் கிடைக்காது. மினிபஸ் ஓட்டும் இந்த ஷாபானே தினமும் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, ஈரல் திணித்த ரொட்டியை நின்றுகொண்டே விழுங்கிவிட்டுப் போகிறவன்தான். அவன் மகள் முந்தின நாளிலிருந்து வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அன்றைக்குப் பார்த்து, ரயில் பாதைக்குப் பின்னால் குப்பையில் கிடந்த ஒரு கழுதைத் தலையை எவனோ படம் பிடித்து எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிட்டான். "இம்பாபா ஈரல் வண்டிக்காரனுங்க வேலையப் பாருங்க" என்று அந்தப் படத்தின் பின்னணியில் ஒரு குரல். அது போதாதா எங்கள் ஆட்களுக்கு? மலிவாக இருந்தால் கழுதை, ருசியாக இருந்தால் நாய், தெருவில் விற்றால் அழுக்கு, கண்ணாடி போட்ட கடையில் விற்றால் சுத்தம். இவ்வளவுதான் இவர்கள் படித்த படிப்பு.

ஷாபானுக்குப் பின்னால் ஒரு கும்பல் வந்திருந்தது. பாதிப் பேர் முந்தின நாள் எங்களிடம் தின்றுவிட்டு, "கை மணக்குது நவால் அக்கா" என்று விரலைச் சூப்பினவர்கள். ஒருத்தன் வண்டியின் கண்ணாடியை உதைத்தான். ரொட்டி மூட்டை சாக்கடையில் விழுந்தது.

"கழுதை இல்லைன்னு சத்தியம் பண்ணு! சும்மா அல்லா மேல ஆணைன்னு வேண்டாம், அது உன் வாயில தினம் மெல்லுற ரொட்டி மாதிரி. தலாக் மேல பண்ணு!" என்று ஷாபான் கத்தினான்.

எங்கள் ஊரில் ஆண்பிள்ளை பேச்சுக்குக் கடைசி முத்திரை இதுதான். நான் சொல்வது பொய்யென்றால் என் பெண்டாட்டி எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கழுதை இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் ஃபிக்ரி தப்பித்திருப்பான். அது உண்மைதானே. ஆனால் காலமெல்லாம் வண்டியில் நின்று "நாட்டு ஈரல், நாட்டு ஈரல்" என்று கூவிக் கூவி அவன் நாக்கு அந்தத் தடத்திலேயே ஓடிப் பழகிவிட்டது. ரத்தம் வழிந்த வாயோடு நிமிர்ந்து நின்று கத்தினான்.

"எம்மேல தலாக் விழட்டும்! இது நாட்டு மாட்டு ஈரல்! இன்னிக்குக் காலையில அறுத்தது!"

பாவி மனுஷா! எங்கள் ஈரல் நாட்டு ஈரல் இல்லை. கடல் தாண்டி, பனிக்கட்டியாக உறைந்து, அட்டைப்பெட்டியில் வருகிற வெளிநாட்டு ஈரல். இந்தத் தெருவிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் எல்லா வண்டியிலும் அதேதான். கெட்டதில்லை. பனியை மெதுவாக இறக்கி, கழுவி, காகிதம் மாதிரி சீவி, பூண்டும் சீரகமும் பச்சை மிளகாயும் போட்டுப் புரட்டினால் எந்த மவராசனுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் உறைந்தது என்றாலே அழுகினது என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. அதனால் எல்லோரும் பொய் சொல்லி விற்கிறோம், அவர்களும் பொய்யைக் கேட்டு ருசித்துச் சாப்பிடுகிறார்கள்.

ஃபிக்ரி என்னை முன்பே இரண்டு தடவை தலாக் சொல்லியிருந்தான். ஒன்று மூத்தவள் பிறந்த வருஷம், அவன் அம்மாவோடு நான் போட்ட சண்டையில். இன்னொன்று பந்து விளையாட்டில் அவன் கட்சி தோற்ற கோபத்தில். இரண்டு தடவையும் ஒரு வாரத்தில் அழுதுகொண்டு வந்து கூட்டிப்போனான். மூன்றாவது விழுந்தால் அழுதும் பயனில்லை. நான் வேறொருவனைக் கட்டி வாழ்ந்து அதுவும் முறிந்தாலொழிய அவனிடம் திரும்ப முடியாது. தெருவுக்கே இது தெரியும்.

சத்தியத்தைக் கேட்டதும் கும்பல் ஒரு நிமிஷம் தணிந்தது உண்மை. ஷாபான்கூடக் கையை இறக்கினான். அதற்குள் கசாப்புக்காரர் மெத்வல்லி ரத்தக்கறை படிந்த அங்கியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"நாட்டு ஈரலா? எவன்கிட்ட வாங்கின? இந்த வட்டாரத்துல மாடு அறுக்கிறவன் நான் ஒருத்தன்தான். எங்கிட்ட நீ ஒரு துண்டு வாங்கினது உண்டா, சொல்லு?"

ஃபிக்ரி வாயைத் திறந்தான், மூடினான். அந்த மௌனம் போதும் அவர்களுக்கு.

அதற்கு அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஷாபான் அவன் வலது கையைப் பிடித்து, ஈரல் பொரிந்துகொண்டிருந்த இரும்புத் தட்டின் மேல் வைத்து அழுத்தினான். ஃபிக்ரி போட்ட சத்தத்தில் மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. நான் கரண்டியைத் திருப்பிப் பிடித்து ஷாபானின் நெற்றியில் ஓங்கி அடித்தேன். நெற்றி பிளந்து ரத்தம் அவன் கண்ணில் இறங்கியது. எவனோ என் முக்காட்டைப் பிடித்து இழுத்தான். அவன் மணிக்கட்டைக் கடித்தேன், பல் உள்ளே இறங்கும்வரை விடவில்லை. ஆனால் ஒருத்தி எத்தனை பேரைக் கடிக்க முடியும்? ஃபிக்ரியைக் கீழே தள்ளி உதைத்தார்கள். விலாவில் மிதித்தார்கள். கொதிக்கும் எண்ணெயோடு தட்டைக் கவிழ்த்தார்கள். அது அவன் முழங்காலில் கொட்டியது.

"நாட்டு ஈரல்னு தலாக் மேலயே பொய் சொன்னவன், கழுதை விக்க மாட்டானா?"

"இவன் வீட்டுக்குள்ள பாருங்கடா! மிச்சக் கழுதை அங்கதான் இருக்கும்!"

எங்கள் அறை வண்டிக்குப் பின்னாலேயே இருந்தது. உள்ளே குளிர்பெட்டியில் ஈரல் அட்டைப்பெட்டிகள். பெட்டி மேலேயே மாட்டுப் படமும், ஹலால் முத்திரையும், வந்த நாட்டின் பெயரும் இருக்கும். அதைக் காட்டினால் கழுதை இல்லை என்று நிரூபணம். அதைக் காட்டினால் ஃபிக்ரியின் சத்தியம் பொய் என்றும் நிரூபணம். என் கால் அந்தப் பக்கம் திரும்புவதை அவன் கீழே கிடந்தபடியே பார்த்துவிட்டான்.

"நவால்! போகாதடி! திறக்காத! அடிச்சாலும் அடிச்சிட்டுப் போறானுங்க, நீ திறக்காத!"

அவனுக்கும் அல்லாவுக்கும் மட்டும் தெரிந்த பொய்யாக அது அடங்கிவிடும் என்று நினைத்தான், பைத்தியக்காரன். அவர்களோ வீட்டுக்குள் கழுதை இருப்பதால்தான் தடுக்கிறான் என்று நினைத்தார்கள். ஒரு தடியன் நடைபாதை விளிம்பிலிருந்து கல்லைப் பெயர்த்து, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான். நேர் கீழே ஃபிக்ரியின் தலை.

எனக்கு யோசிக்க நேரமில்லை. இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். இவனை இழந்துதான் ஆகவேண்டுமென்றால் உயிரோடு இழக்கிறேன் என்று நினைத்தேன். உள்ளே ஓடி ஒரு பெட்டியைத் தூக்கிவந்து கல்லை ஏந்தி நின்றவனின் மார்பில் எறிந்தேன். அவன் தடுமாறினான், கல் பக்கத்தில் விழுந்து உடைந்தது. பெட்டி பிய்ந்து உறைந்த ஈரல் கட்டிகள் தெருவில் உருண்டன.

"பாருங்கடா! கண்ணு இருந்தா பாருங்க! மாடு! வெளிநாட்டு மாடு! ஐஸ் ஈரல்! இத்தனை வருஷமா நீங்க நக்கித் தின்னது இதைத்தான்!"

மெத்வல்லி குனிந்து அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கட்டியை நகத்தால் கீறி மோந்தார். "மாடுதான். கழுதை இல்லை" என்றார்.

ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஒருத்தன் முன்னால் வந்து, "அட நாசமாப் போறவனே, ஐஸ் ஈரலையா எங்களுக்குப் போட்ட?" என்று கேட்டு ஃபிக்ரியின் இடுப்பில் இன்னும் ஒரு உதை விட்டான். கழுதை என்று நம்பி உதைத்ததைவிட அது பலமாக விழுந்தது.

"அப்போ சத்தியம்?" என்று எவனோ மெல்லக் கேட்டான்.

ஃபிக்ரி வெந்த கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான், பிறகு கண்ணை மூடிக்கொண்டான். ஒவ்வொருத்தனாக நழுவத் தொடங்கினார்கள். ஒரு மனுஷனை அடித்து நொறுக்கியதற்கு அவர்கள் வெட்கப்படவில்லை, ஒரு குடும்பம் கண்ணெதிரே முறிந்ததற்குத்தான் தலையைக் குனிந்தார்கள். மெத்வல்லி என் முக்காட்டைத் தரையிலிருந்து எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார். "மூடிக்கம்மா. இனி அவன் முன்னாடியும் மூடிக்கணும்" என்றார். அவர் கன்னத்தில் ஒன்று வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை, முக்காட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஃபிக்ரியைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் ஷாபானின் மனைவி வஃபா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். அவள் மகளும் அதே கட்டடத்தில்தான் இருந்தாள்.

"அக்கா, பிள்ளை கண்ணு முழிச்சிட்டா. அவ ஈரலே திங்கலையாம். முனையில இருக்கிற கண்ணாடிக் கடையில பொரிச்ச கோழி வாங்கி, அந்த வெள்ளைப் பூண்டுச் சாந்தை வழிச்சு வழிச்சுத் தின்னாளாம். வெயில்ல வெச்ச சாந்து கெட்டுப்போயிருக்கும்னு டாக்டர் சொல்றார். பளபளன்னு இருந்துச்சு, கையுறை வேற போட்டிருந்தானுங்க, சுத்தமா இருக்கும்னு நாங்க..."

"உம் புருஷனைப் போய் அந்தக் கடைக்காரன் கையை அடுப்புல வைக்கச் சொல்லு. போடி இங்கிருந்து!" என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே போனாள். பிள்ளை பிழைத்துக்கொண்டதில் எனக்கும் நிம்மதிதான், அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் பள்ளிவாசல் ஷேக்கிடம் போய் உட்கார்ந்தேன். கெஞ்சினேன், திட்டினேன், திரும்பக் கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "கோர்ட்ல ஒரு மாதிரி சொல்வாங்க, மார்க்கம் படிச்ச ஆலிம்கள்ல ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்பேன். நாட்டு ஈரல்னு நம்பிச் சத்தியம் பண்ணினாரா, பொய்னு தெரிஞ்சே பண்ணினாரா? நம்பிப் பண்ணியிருந்தா தலாக் இல்லை. அவர் வாயால சொல்லட்டும்மா, நான் வந்து கேட்டுக்கிறேன்."

ஓடினேன். ஃபிக்ரியின் வலது கையில் கட்டு, தாடை வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து சூப்பைக் கரண்டியில் எடுத்து ஊதியபடியே சொன்னேன்.

"இங்க பாரு. ஷேக் வருவார். 'பெட்டியை நவால்தான் வாங்குவா, எனக்கு நாட்டு ஈரல்னுதான் தெரியும்'னு சொல்லு. அவ்வளவுதான். நான் ஏமாத்தினேன்னு சொல்லிக்கிறேன். தெரு என் மேல துப்பினா துப்பட்டும்."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கரண்டி அப்படியே நின்றது.

"சொல்ல மாட்டியா? வாழ்நாள் பூரா பொய் சொல்லித்தானேடா வித்த? எவன் எவனுக்கோ சொன்ன, எனக்காக ஒண்ணு சொல்ல மாட்டியா?"

"தின்கிறவனுக்குச் சொன்னேன். உன்னை வெச்சுக்கிறதுக்குச் சொல்ல மாட்டேன், நவால்." வீங்கிய தாடையால் பேச்சு குழறியது. "பொய்யை நடுவுல வெச்சு உன் பக்கத்துல நான் எப்படிப் படுப்பேன்? மார்க்கம் தடுத்த ஹராமா உன்னை வெச்சுக்க மாட்டேன்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. அடிபட்ட மனுஷன் என்றுகூடப் பார்க்காமல் அவன் கன்னத்தில் அறைந்தேன். சூப் அவன் மேலேயும் என் மேலேயும் கொட்டியது. திரும்ப அறையக் கையை ஓங்கி, முடியாமல் அவன் நெஞ்சிலேயே முகத்தை வைத்து அழுதேன். அவன் கட்டுப்போட்ட கையைத் தூக்கினான், என் தலைமேல் வைக்கப் போகிறான் என்று நினைத்தேன். வைக்காமல் மெத்தையில் இறக்கிக்கொண்டான்.

சத்தம் கேட்டு நர்ஸ் ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள். "பேஷண்டை அடிக்கிறியா? யாரும்மா நீ இவருக்கு?"

நான் ஃபிக்ரியைப் பார்த்தேன். சாகிற அடி வாங்கியபோதும் அழாத மனுஷன், அப்போது அழுதான்.

"என் பிள்ளைங்களோட அம்மா" என்றான்.