படி ஏறுற வேலை மிச்சம்

என் மகளைப் பற்றி யாராவது கேட்டு, நான் ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் ஒரு பாராட்டு எங்கள் வீட்டில் கிடையாது. நான் சமைத்ததை ஒரு வாய் போட்டுவிட்டு என் வீட்டுக்காரர் ‘பரவாயில்லையே’ என்றால், அடுத்த நிமிஷம் தட்டை மறுபடி நீட்டப்போகிறார் என்று அர்த்தம். என்னை முதல் தடவை பார்த்துவிட்டுப் போய் அவர் தன் அக்காவிடம் சொன்னதும் அந்த ஒரு வார்த்தைதான். அதை நம்பித்தான் எங்கள் கல்யாணமே நடந்தது. பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினால் கண் பட்டுவிடும். அதனால் மெச்சுவதில் மட்டும் நாங்கள் எல்லோருமே கஞ்சம். இந்தச் சங்கதியெல்லாம் போனுக்குள் இருக்கிற பொம்பளைக்கு எப்படித் தெரியும்?

அந்தப் போன்காரியை எனக்கு அறிமுகப்படுத்தியவர் என் வீட்டுக்காரர்தான். நாங்கள் இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவருக்கு ரொட்டி ஃபாக்டரியில் வேலை. எனக்கு ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற இடத்தில். ஈரமான படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உருளை மெஷினுக்குள் விட்டால், அந்தப் பக்கம் சுருக்கமெல்லாம் போய்ச் சுடச்சுட வந்து விழும். அதை மடித்து அடுக்க வேண்டும். படுக்கை விரிப்போடு பேச எந்தப் பாஷையும் வேண்டியதில்லை. ‘கொடு’, ‘பிடி’, ‘சூடு’, ‘மேலே’, ‘கீழே’, ‘டீ’ என்று இந்த ஊர்ப் பேச்சில் ஒரு கைப்பிடி வார்த்தையை வைத்தே நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மகளுக்கு எட்டு வயசு. வீட்டில் அவள் பேர் வாயாடி. பல் தேய்க்கும்போதுகூட நுரையைத் துப்பாமல் பேசுவாள். இந்த ஊர் பாஷை அவளுக்குச் சில மாசத்திலேயே வந்துவிட்டது. பஸ்ஸில் ஒட்டியிருப்பது, மாத்திரை அட்டையில் எழுதியிருப்பது, வீட்டுக்காரம்மா கதவில் சொருகிவிட்டுப் போவது எல்லாவற்றையும் எங்களுக்குப் படித்துச் சொல்வது அவள்தான். அப்பாவும் நானும் ஏதாவது சொல்லப்போனால் நடுவில் நிறுத்தி, நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று வாயைத் திறந்து காட்டுவாள். அவளுடைய டீச்சர் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியபோது எனக்குப் பயமே இல்லை. நல்ல விஷயமாகத்தான் இருக்கும் என்று சேலையைக்கூடத் தேய்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பேசுவதற்குத்தான் ஆள் இல்லையே என்றேன். என் வீட்டுக்காரர் போனை எடுத்து ஏதோ தட்டி என் கையில் வைத்தார். நான் தமிழில் பேசினால் அது அவர்கள் பாஷையில் சொல்லுமாம், அவர்கள் பேசினால் எனக்குத் தமிழில் சொல்லுமாம். இனிமேல் எவர் தயவும் நமக்கு வேண்டாம் என்று, என்னமோ அவரே அதைக் கண்டுபிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

டீச்சருக்குச் சின்ன வயசு. காதளவுக்கு வெட்டிய முடி, சட்டைக் கையில் காய்ந்துபோன பெயின்ட். மாடியில் இருந்த வகுப்பறையில் பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலியில் என்னை உட்காரவைத்து, தானும் அதே மாதிரி ஒன்றில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மகள் கீழே விளையாடிக்கொண்டிருந்தாள். போனை நடுவில் வைத்தோம்.

“உங்கள் மகள் வகுப்பில் மிகவும் அமைதியாக இருக்கிறாள்” என்றாள் போன்காரி, செய்தி வாசிக்கிற தமிழில்.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நம்ம வாயாடியா அமைதி? வெளியில் போனால் அடக்கமாக இருக்கத் தெரிந்திருக்கிறதே என்று பெருமையாகத் தலையை ஆட்டினேன். வீட்டில் அவள் படிப்பு எப்படி என்று அடுத்த கேள்வி வந்தது. டீச்சரானாலும் வெளியாளானாலும் கண் கண்தானே? ஆனாலும் சந்தோஷத்தில் கொஞ்சம் இழுத்தே சொன்னேன்.

“பரவாயில்லை டீச்சர்.”

போன்காரி என்னவோ சொன்னாள். டீச்சரின் புருவம் சுருங்கியது. நிதானமாக ஏதோ கேட்டார். “அவளைக் கீழ் வகுப்பில் வைக்கலாம் என்று நினைக்கிறோம். உங்களுக்குச் சம்மதமா?” என்றாள் போன்காரி.

இதற்கெல்லாமா ஒரு தாயைக் கூப்பிட்டு அனுமதி கேட்பார்கள்? என்ன மரியாதை தெரிந்த பள்ளிக்கூடம் என்று நினைத்தேன். மாடி வகுப்பாக இருந்தால் என்ன, கீழ்த்தள வகுப்பாக இருந்தால் என்ன? அந்த மூட்டை மாதிரிப் பையைத் தூக்கிக்கொண்டு பிள்ளை தினமும் ஏறி இறங்குகிறாள், பாவம். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

“அதுவும் பரவாயில்லை டீச்சர். படி ஏறுற வேலை மிச்சம்.”

நான் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. போனை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்து மெதுவாகத் தட்டிக்கொடுத்தார். என்ன பாசமான பெண் என்று எண்ணிக்கொண்டு நான் பாட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னேன். வாயாடி கையில் எடுத்ததைத் தட்டிலேயே வைத்தாள். கீழ் வகுப்பு என்றால் கீழே இருக்கிற அறை இல்லை, ஒரு வருஷம் சின்னப் பிள்ளைகள் படிக்கிற வகுப்பு என்றாள். அங்கே உட்கார்ந்து எழுத்து எழுத்தாக மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அவளோடு இருக்கிறவர்கள் எல்லோரும் மேலே போய்விடுவார்கள். சொல்லும்போதே உதடு கோணிக்கொண்டது. பிறகு போனை எடுத்து, நீ டீச்சரிடம் சொன்னதை அப்படியே இதில் சொல்லு என்றாள். சொன்னேன். போன்காரி பேசப் பேச அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அம்மா, நீ என்ன சொல்லியிருக்கேன்னு தெரியுமா? நான் எப்படிப் படிச்சாலும் உனக்குக் கவலை இல்லையாம். கீழ போனாலும் கவலை இல்லையாம். படிக்கிற வேலை மிச்சமாம்.”

என் வீட்டுக்காரர் முதலில் குபீரென்று சிரித்துவிட்டார். நான் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது. தெரியாத்தனமாக என் பிள்ளையை நானே கீழே தள்ளிவிட்டு, பஸ் பிடித்து, ஜன்னலோரம் உட்கார்ந்து சந்தோஷமாக வேறு வந்திருக்கிறேன். ஆனால் ஒன்று புரியவில்லை. இவ்வளவு நன்றாகப் பேசுகிற பெண்ணை ஏன் கீழே அனுப்ப வேண்டும்? கிண்டிக் கிளறியதில் அதுவும் வந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் வாயே திறப்பதில்லையாம். சேர்ந்த புதிதில் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்லி, வகுப்பே சிரித்ததாம். அன்றிலிருந்து கேட்டால் தலையாட்டுவதோடு சரி. பாஷையே புரியாத பிள்ளை என்று டீச்சர் நினைத்திருக்கிறார். அமைதியாக இருக்கிறாள் என்று அவர் சொன்னது பாராட்டே இல்லை. வீட்டில் இத்தனை பேச்சும் அங்கே பேசாததையெல்லாம் சேர்த்துத்தானா?

மறுநாள் லாண்டரியில் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவளோடு நானும் கிளம்பினேன். என் வீட்டுக்காரர் போனை நீட்டினார். அந்தப் போன்காரியோடு நீங்களே குடும்பம் நடத்துங்கள் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு நீதான் எனக்கு வாய் என்று மகளிடம் சொன்னேன். அவள் வழியெல்லாம் மாட்டேன் மாட்டேன் என்றே வந்தாள்.

டீச்சர் மாடிப்படிக்குக் கீழே நின்று பிள்ளைகளை வரிசையில் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒதுங்கி வந்தார். நான் நேற்று நடந்ததைத் தமிழில் கொட்டினேன். வாயாடி தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இடித்தேன், அசையவில்லை. டீச்சர் பாவமாகச் சிரித்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. என்னிடம் இருந்த அந்தக் கைப்பிடி வார்த்தையில் கை வைத்தேன். மகளைக் காட்டி, கீழே கையைக் காட்டி, இல்லை இல்லை என்று ஆட்டி, மாடியைக் காட்டி, “மேலே, மேலே, பிடி, கொடு” என்று லாண்டரி பாஷையில் ஆரம்பித்தேன். விரிப்பை மெஷினில் விடுகிற மாதிரிக் கையும் தானாக ஆடியது. படியில் நின்ற இரண்டு பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், எனக்கும்தான் சிரிப்பு வந்தது.

வாயாடிக்குச் சிரிப்பு வரவில்லை. வெடுக்கென்று அந்தப் பிள்ளைகள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். என் அம்மாவைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், உங்களுக்கு எங்கள் பாஷையில் ஒரு வார்த்தை தெரியுமா என்று கேட்டதாகப் பிறகு சொன்னாள். அந்தப் பிள்ளைகள் விறுவிறுவென்று மேலே ஏறிப் போனார்கள், டீச்சர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என் மகள் டீச்சரிடம் திரும்பினாள். திறந்த குழாய் மூடவே இல்லை. போன்காரி சொன்னது, நான் சொன்னது, இரண்டுக்கும் நடுவில் காணாமல் போனது எல்லாம் வந்தது. படியைக் காட்டினாள், கையைப் புத்தகம் மாதிரி விரித்தாள், இரண்டுக்கும் எங்கள் பாஷையில் ஒரே சொல் என்று விளக்கினாள். டீச்சர் படியைப் பார்த்தார், விரித்த கையைப் பார்த்தார், கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். நடுவில் பரவாயில்லை, பரவாயில்லை என்று பல தடவை என் காதில் விழுந்தது. பிறகு டீச்சர் ஏதோ கேட்டார். வாயாடி என்னிடம் திரும்பினாள்.

“நீ என்னைப் பத்தி நிஜமா என்ன நினைக்கிறேன்னு டீச்சர் கேக்குறாங்க. பரவாயில்லைன்னு சொல்லாம சொல்லணுமாம்.”

வசமாக மாட்டிக்கொண்டேன். அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை. எட்டு வருஷமாக அவள் தூங்கின பிறகு அவள் அப்பாவிடம் மட்டும் சொல்வது அது. அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வேன். இப்போது பட்டப்பகலில், படியெல்லாம் பிள்ளைகள், எதிரே டீச்சர், சொல்ல வேண்டியதை எடுத்துச் சொல்லப்போகிறவளோ அவளே. கண்ணாவது ஒன்றாவது என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டேன்.

“என் பொண்ணு ரொம்பக் கெட்டிக்காரி. நாங்க அவளுக்குச் சொல்லிக் கொடுக்கல, அவதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறா. அவ இல்லன்னா இந்த ஊர்ல எங்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அவளை மேலயே வைங்க.”

வாயாடி என் முகத்தையே பார்த்தாள். மறுபடி பழைய கதையா என்று எனக்குப் பகீரென்றது. சொல்லுடி என்றேன்.

“இது நிஜமாம்மா? இல்ல, டீச்சருக்காகச் சொல்றியா?”

“நிஜந்தான். சொல்லு.”

காது மடலெல்லாம் சிவக்க, ஷூவைப் பார்த்துக்கொண்டே, சின்னக் குரலில் சொன்னாள். ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் டீச்சர் நடுவிலேயே தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். அவள் எங்கேயும் போக வேண்டாம், தன்னோடு மேலேயே இருக்கட்டும் என்று அவர் சொன்னதை வாயாடியே எனக்குத் தமிழில் சொன்னாள். ஆனால் தினமும் வகுப்பில் ஒரு கேள்விக்காவது வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னாலும் சரி என்றார். அவளை வாயை மூடச் சொல்லி அவரே கெஞ்சுகிற நாள் சீக்கிரம் வரும் என்று டீச்சரிடம் சொல்லச் சொன்னேன். அதை மட்டும் மொழிபெயர்க்க மாட்டேன் என்றுவிட்டாள்.

மணி அடித்தது. டீச்சர் முன்னால் ஏறிப் போனார். எனக்கு லாண்டரிக்கு நேரமாகிவிட்டது, ஆனால் வாயாடி என் முந்தானையை விடவில்லை.

“இன்னொரு தடவை சொல்லேன்.”

“என்னத்த?”

“அதான், டீச்சர்கிட்ட சொன்னது.”

“ஒரு தடவை சொன்னதுக்கே என்ன ஆகப்போகுதோ. போ, போய்ப் படி.”

“எந்தப் படி? ஏறுற படியா, படிக்கிற படியா?”

“ரெண்டும்தான்.”

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மேல் படியில் நின்று, கைப்பிடிக் கம்பிக்கு மேலே தலையை நீட்டி, எல்லா வகுப்புக்கும் கேட்கிற மாதிரித் தமிழில் கத்தினாள்.

“அம்மா, நீயும் பரவாயில்ல.”