இயற்கையான ஈ நிறைந்தது

1

இந்தக் கதை ஒரு லேபிளிலிருந்து வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, லேபிளை எழுதியவள் நான்தான். ஆனால் ‘நான்’ என்று தொடங்கினால் கை ஓட மறுக்கிறது. அதனால் ‘அவள்’.

ஆலிவ் எண்ணெய் ஆலையில் சேர்ந்து ஐந்து மாதமே ஆகியிருந்த அவள், ஒரு மழைநாளில்… (மழையெல்லாம் இல்லை. காலை பத்தரை மணி, நல்ல வெயில்.)

2

‘இயற்கையான வைட்டமின் ஈ நிறைந்தது’ என்று லேபிளில் வர வேண்டும். இடம் போதவில்லை. எழுத்தைச் சிறிதாக்க மனமில்லாமல் ‘வைட்டமின்’ என்பதைத் தூக்கிவிட்டாள். அப்படியே அச்சாகி, பாட்டில்கள் கடைக்கும் போய்விட்டன.

முதல் போன் ஒரு கடைக்காரரிடமிருந்து. “ஏங்க, செயற்கை ஈ போட்டதும் தனியா விக்கிறீங்களா?”

(சிரித்துவிட்டீர்களா? அவள் நாட்காட்டியில் மிச்ச நாட்களை எண்ணினாள். ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். வீட்டில் வேறு வருமானம் கிடையாது.)

3

இப்போது மூக்கண்ணன். ஆய்வகத்தில் எண்ணெய் சோதிப்பவர். சிக்கு வாடையைக் கருவிக்கு முன்பே மோப்பம் பிடித்துவிடுவதால் அந்தப் பெயர். வைட்டமின் ஈ எதற்கு என்று அவள் முன்பொரு நாள் கேட்டபோது சொன்னார்:

“காத்து பட்டா எண்ணெய் கெட்டுப்போகும்மா. இந்த ஈ முன்னால போய் நின்னு அடிய வாங்கிக்கும். அது தீர்ற வரைக்கும் எண்ணெய் தாங்கும்.”*

* பழந்தமிழில் ‘ஈ’ என்றால் ‘கொடு’. கதைக்குள் வைத்தால் பாடம் நடத்துவதுபோல் ஆகிவிடும். இங்கேயே கிடக்கட்டும்.

4

முதலாளி எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு லேபிளை மேசையில் அறைந்தார். “யார் பார்த்த வேலை இது?”

“நான்தான் சார். இடம் பத்தலன்னு எடுக்கச் சொன்னேன்” என்றார் மூக்கண்ணன்.

பொய். அந்த லேபிளை அவர் பார்த்ததே இல்லை.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். “ஏண்ணே இப்படி?”

“என்னைத் திட்டத்தான் முடியும். உன்னை அனுப்பிருவாங்க. போ, போய் லேபிளை மாத்து.”

ஆய்வகப் பொறுப்பாளர் பதவி தனக்கு வரவிருந்தது அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. மறுவாரம் அது வேறொருவருக்குப் போயிற்று.

(இவ்வளவு நல்லவரை யார் நம்புவார்கள் என்று ஒரு கெட்ட குணம் தேடினேன். அடுத்தவர் டீயைக் கேட்காமல் எடுத்துக் குடிப்பார். அவ்வளவுதான் கிடைத்தது.)

5

முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொல்கிறாள், முதலாளி மனம் நெகிழ்ந்து… (இதை அடித்துவிட்டேன். அவர் நெகிழ்கிற ஆள் இல்லை.)

முடிவு இரண்டு, நடந்தது: அவள் வாயே திறக்கவில்லை. வேலை நிரந்தரமானது. இன்றுவரை என் வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். மூக்கண்ணே, நன்றி. நேரில் சொல்லப் போனால் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள்.

முடிவு மூன்றை எழுத எனக்கு வரவில்லை. அந்த அறை, அந்த மேசை, முதலாளி இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார். அவள் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். மூக்கண்ணன் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடுங்கள்:

“சார், அது வந்து…