பின்னட்டையில் பதினோரு பேர்

வேலை தேடுவோர் அடுக்கில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது, புதிதாக எதை வாங்குவது என்று பட்டியல் போட அக்காவைத்தான் கூப்பிட்டேன். போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். குடிநீர் அலுவலகத்தில் இருபத்துநாலு வருஷம், அதில் கடைசி ஒன்பது வருஷம் கண்காணிப்பாளர். நேர்முகத்துக்கு வருகிறவர்களை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டவள். நானோ இந்த நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து உதவியாளராகவே தலை நரைத்தவள். வேலையில் முன்னேறுவது எப்படி என்று சொல்லும் நூறு புத்தகங்களுக்கு அட்டை போட்டிருக்கிறேன், ஒன்றையும் எனக்கென்று படித்ததில்லை.

காலையிலிருந்து அக்கா சளைக்காமல் பிரித்துப் போட்டாள். சிலதை, வெறும் ஆசை காட்டுகிறது என்று தள்ளினாள். விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுக்கும் மெல்லிய புத்தகம் ஒன்றை இரண்டு பிரதி வாங்கு என்றாள். பதினோரு மணி வாக்கில் அடித்தட்டிலிருந்து செங்கல்லை எடுத்தாள். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

செங்கல் என்பது நேர்முகத்துக்குத் தயார் செய்யும் ஒரு புத்தகத்துக்கு, அதன் தடிமனுக்காக நாங்கள் வைத்த பெயர். அந்தக் காலத்தில் ஜன்னலோர நீள மேசையில் தினமும் ஏழெட்டுப் பேர் வேலைக்காகப் படிக்க வருவார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வேலை கிடைத்தவர் கடைசியாக ஒருமுறை வந்து, தான் படித்த புத்தகத்தின் பின்னட்டை உட்புறத்தில் தேதியும் ஒரு வரியும் எழுதிவிட்டுப் போவார். புத்தகங்களில் எழுதாதீர்கள் என்று நான் ஒட்டிய தாளுக்குக் கீழேயே உட்கார்ந்து எழுதுவார்கள். புதிதாக வருகிறவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்றா பார்ப்பார்கள்? நேரே பின்னட்டையைத்தான் திருப்புவார்கள். முப்பது வரி சேர்ந்திருந்த ஒரு மஞ்சள் புத்தகத்துக்கு அடிதடியே நடக்கும். செங்கல்லில் ஒரு வரிகூடக் கிடையாது. அதனால் யாரும் அதை எடுப்பதில்லை, யாரும் எடுக்காததால் வரியும் விழுவதில்லை.

அத்தான் இறந்து ஒரு வருஷம் கழித்து அக்கா அந்த மேசைக்கு வந்தாள். அப்போது என் வீட்டில்தான் இருந்தாள். யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, பாத்திரத்தில் என்ன மிச்சம் என்று பார்த்துவிட்டுத்தான் தட்டை எடுப்பாள். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

மஞ்சள் புத்தகத்தைத் தலைகீழ்ப் பாடமாக்கிக்கொண்டு போக்குவரத்து அலுவலக நேர்முகத்துக்குப் போனாள். எங்கள் மேசையிலிருந்தே ஆறு பேர் போயிருந்தார்கள். உங்களிடம் இருக்கும் குறை என்ன என்று கேட்டார்களாம். எடுத்த வேலையை முடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது, அதுதான் குறை என்றிருக்கிறாள். கேட்டவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இந்த ஊர்ல ஒருத்தருக்குமே தூக்கம் இல்ல போலிருக்கே" என்றாராம். அவளுக்கு முன்னால் போன ஐந்து பேரும் கிளிப்பிள்ளை மாதிரி அதையேதான் ஒப்பித்திருந்தார்கள். அக்கா இதைச் சொல்லிச் சிரித்தாள், நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் குளியலறையில் வெகுநேரம் தண்ணீர் திறந்திருந்த சத்தம் கேட்டது.

அடுத்தது குடிநீர் அலுவலகம். முப்பத்தைந்து வயதுக்கு மேல் விண்ணப்பிக்க முடியாது, அக்காவுக்கு முப்பத்தைந்து ஓடிக்கொண்டிருந்தது. இதை விட்டால் வேறு கதி இல்லை. செங்கல்லைப் படி என்றேன். அதில் ஒப்பிக்க ஒரு பதிலும் இருக்காது. நீ செய்த வேலை ஒன்றை உன் வார்த்தையிலேயே எழுது என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் உயிரை வாங்கும். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. அக்கா பின்னட்டையைத் திருப்பினாள். "ஒருத்தருக்குக்கூடக் கிடைக்கலையேடி" என்று மூடி வைத்தாள். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

பின்னறையில் செங்கல்லின் இன்னொரு பிரதி தூசி படிந்து கிடந்தது. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பதினோரு பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். நீல மையில் சிலர், கறுப்பு மையில் சிலர், பென்சிலில் இரண்டு பேர். என் கையெழுத்து தெரியக் கூடாதென்று பாதிப் பேருக்கு இடது கையால் எழுதினேன். தப்பு செய்கிறோம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. கிளை நூலகத்துக்குப் போயிருந்த பிரதி திரும்பி வந்துவிட்டது, பின்னால் பார் என்று கூசாமல் நீட்டினேன்.

அதற்குப் பிறகு வந்த ஏழு வாரங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. ஜன்னலோரம் அக்கா சாப்பாட்டை மறந்து எழுதிக்கொண்டிருப்பாள், பேனா மூடி அவள் பல்லுக்கிடையில் இருக்கும். அத்தானோடு மருத்துவமனையில் எந்தக் காகிதத்துக்கு எந்த ஜன்னலில் நின்றோம் என்று என்னைக் கேட்பாள். வழி தெரியாமல் நின்ற மற்ற குடும்பங்களுக்கு அவள்தான் வழி காட்டியிருந்தாள். அதெல்லாம் ஒரு வேலை என்று அதுவரை அவளுக்கே தெரியாது. சாயங்காலம் நூலகத்தைப் பூட்டிக்கொண்டு இருவரும் நடந்தே வீட்டுக்குப் போவோம், அவள் எழுதியதைச் சொல்லிக்கொண்டே வருவாள். அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் அப்படிப் பேசிக்கொண்டதில்லை. வேலை கிடைத்தது. பன்னிரண்டாவது வரியை அவள் எழுதினாள். அதற்கப்புறம் அந்தப் பின்னட்டையில் இடமில்லாமல் தாள் ஒட்டி எழுதினார்கள்.

இப்போது அந்தப் பிரதியைத்தான் மடியில் வைத்துக்கொண்டு அக்கா விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டிருந்தாள். நேர்முகத்தன்று வெளியே காத்திருந்தபோது படித்ததெல்லாம் மறந்துவிட்டது என்றாள். இந்தப் பதினோரு பேரை மட்டும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். சொல்லிவிட்டு ஒரு பென்சில் வரியில் விரலை நிறுத்தி, கண்ணைச் சுருக்கிப் படித்தாள். "முப்பத்தெட்டு வயது. நாலாவது தடவை. இன்னும் வீட்டில் சொல்லவில்லை, முதலில் இங்கே வந்தேன்."

சத்தியமாக அதை எழுதியது எனக்கு மறந்தே போயிருந்தது.

"இவ இல்லன்னா நான் இல்லடி," என்றாள். "ஒரு தடவையாவது இவளைப் பாக்கணும்."

இனி நேரத்துக்கா பஞ்சம், கிளை நூலகத்துக்குப் போய்ப் பழைய பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடாதா, நாளைக்கே போகலாம், நீயும் வா என்றாள். உண்மையைச் சொன்னால் இருபத்துநாலு வருஷமாக அவள் கூடவே நடந்து வந்த பதினோரு பேரையும் ஒரே வார்த்தையில் நான் சாகடித்துவிடுவேன். சொல்லாவிட்டால், இல்லாத ஒருத்தியைத் தேடி இந்த வயதில் படியேறி இறங்குவாள்.

"தேட வேணாம்க்கா," என்றேன். "அவளை எனக்குத் தெரியும்."

அக்கா நிமிர்ந்தாள். இத்தனை வருஷமும் வாயைத் திறக்கவில்லையே, அழுத்தக்காரி என்று என் கையில் ஒரு அடி வைத்தாள். எங்கே இருக்கிறாள், நன்றாக இருக்கிறாளா என்று கேட்டாள்.

"பக்கத்துலதான் இருக்கா."

"அப்போ வரச் சொல்லேன். இப்பவே பாத்துடலாம்."

மேசையில் பரப்பிக் கிடந்த புத்தகங்களை இரண்டு கையாலும் ஒதுக்கினாள். பக்கத்து நாற்காலியை இழுத்துத் தன் அருகில் போட்டு, அதன் மேலிருந்த தூசியை உள்ளங்கையால் தட்டினாள். நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து வாசலைப் பார்த்தாள். நான் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.