கொதிகலனை ஆறவைக்க வந்தவர்

பேருந்துப் பணிமனையில் அவளுக்கு ‘இடி’ என்று பெயர். மதிய இடைவேளையில் மற்ற ஓட்டுநர்கள் நிழல் தேடிப் படுத்துக்கொள்வார்கள். அவள் காலி வண்டியின் கதவுகளை இழுத்துச் சாத்திக்கொண்டு பாட்டுப் போடுவாள். ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுவென்று ஆடும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் என்ஜினில்தான் ஏதோ கோளாறு என்று ஓடி வருவதும் உண்டு.

அந்த ஆல்பத்தின் பெயர் ‘கொதிகலன்’. முழுக்க முழுக்க மின்கருவிகளால் ஆன ஆட்ட இசை. முணுமுணுக்க அதில் மெட்டு என்று ஒன்றும் கிடையாது. தகரத்தை யாரோ ஆத்திரத்தோடு அடிப்பதைப் போல ஆரம்பிக்கும். பிறகு பேஸ் என்கிற அடிநாதம் வந்து அடிவயிற்றைப் பிடித்து உலுக்கும். அதற்கு மேல் ஒரு குரல், பாடுகிறதா சண்டைக்கு இழுக்கிறதா என்று தெரியாதபடி கத்தும். அது வெளிவந்தபோது அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. “இதெல்லாம் ஒரு பாட்டா? காது இருக்கறவன் கேப்பானா?” என்று அவள் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அவளுக்கோ, இத்தனை நாள் தனக்குள் வாய் திறக்காமல் கிடந்த ஏதோ ஒன்று அப்போதுதான் பேச ஆரம்பித்ததைப் போலிருந்தது.

கல்யாணமாகி வந்த இடத்தில் புருஷன் தையற்காரர், சாது. பாட்டு ஆரம்பித்தால் சண்டை போடமாட்டார். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தன்பாட்டுக்கு மிஷினை மிதிப்பார். தையற்காரர் வீட்டில் பஞ்சுக்கா பஞ்சம்? நாத்தனாருக்குத்தான் அது ஆகவே ஆகாது. “அண்ணி பாட்டுக் கேக்கறாங்களா, வீட்டை இடிக்கறாங்களா?” என்று அண்ணனிடம் போய் மூட்டிவிடுவாள். இருவருக்கும் எலியும் பூனையுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நாத்தனார் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போகும்வரை.

ஒரு நாள் மத்தியானம் அந்த நாத்தனார் ஒரே ஒரு பையோடு வந்து நின்றாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. இடி தண்ணீர் கொடுத்தாள், தலையணை கொடுத்தாள். சாயங்காலம் நாத்தனாரின் புருஷன் தேடிக்கொண்டு வந்துவிட்டான். வாசலில் நின்றபடி, வாயில் வந்ததையெல்லாம் தெருவே கேட்கும்படி கத்தினான். ஆளாளுக்கு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். தையற்காரர் கத்தரிக்கோலும் கையுமாகக் கதவருகே நின்று, “உள்ள வாங்க மாப்பிள்ளை, பேசிக்கலாம்” என்றார்.

“உள்ள ஒருத்தனும் வர வேண்டாம்” என்றாள் இடி.

இரண்டு ஸ்பீக்கர்களையும் தூக்கி ஜன்னலில் தெருவைப் பார்த்து வைத்தாள். கொதிகலனை முழுச் சத்தத்தில் திறந்துவிட்டாள். வாசலில் நின்றவனுடைய வாய் திறந்து மூடுவது தெரிந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவன் இன்னும் உரக்கக் கத்தினான். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். எதிர்மாடியில் யாரோ சிரித்துவிட்டார்கள். தன் குரல் தனக்கே கேட்காமல் ஒருவன் எவ்வளவு நேரம்தான் திட்ட முடியும்? காறித் துப்பிவிட்டுப் போனவன் அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

அதுவரை குனிந்தே கிடந்த நாத்தனார் தலையைத் தூக்கினாள். “அண்ணி, இன்னொரு தடவை போடுங்க” என்றாள்.

அதன் பிறகு அவள் விவாகரத்து வாங்கினாள், பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆல்பத்தில் எந்த இடத்தில் எந்த அடி விழும் என்பதில் அண்ணியையே மிஞ்சிவிட்டாள்.

ஆல்பம் வந்து இருபத்தைந்து வருடம் ஆனதைக் கொண்டாட, நகரத்து இசைக்கடை ஒன்றில் ஞாயிறு காலை புதிய பதிப்பை வெளியிடப்போவதாகச் செய்தி வந்தது. அந்த ஆல்பத்தைச் செய்தவரே நேரில் வருகிறாராம். ரசிகர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘மின்சாரம்’. அண்ணியும் நாத்தனாரும் கதவு திறக்கும் முன்பே போய் நின்றார்கள்.

கடை நிரம்பிவிட்டது. பளு தூக்கும் கிரேன் ஓட்டுபவர் ஒருவர், ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ஒருவர், தோளில் தூங்கும் குழந்தையோடு ஒருத்தி. முன்பின் பார்த்திராதவர்கள் ஒன்றுவிட்ட சொந்தங்களைப் போலப் பேசிக்கொண்டார்கள். “மூணாவது பாட்டுல எல்லாம் நின்னுபோய் திடீர்னு திரும்ப இறங்கும் பாருங்க” என்று டாக்டரம்மா தொடங்க, “ஐயோ, அதைச் சொல்லாதீங்க, இப்பவே உடம்பு சிலிர்க்குது” என்றார் கிரேன்காரர்.

மின்சாரம் வந்தார். நரைத்த தலை, தொளதொளவென்று வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. புதிய பதிப்பைத் தானே ஓடவிட்டார்.

வயலின் வந்தது. புல்லாங்குழல் வந்தது. தகரத்தை அடித்து நொறுக்கிய அந்தத் தாளம், கதவை மெல்லத் தட்டி ‘உள்ளே வரலாமா’ என்று கேட்பதைப் போல வந்தது. கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்ப நாங்க சின்னப் பசங்க. கோவத்துல சும்மா சத்தம் போட்டு வச்சிருக்கோம். இப்பக் கேட்டா எனக்கே கூச்சமா இருக்கு. இதுதான் சரியான கொதிகலன். பழசை இனிமே வெளியிடப்போறதில்ல” என்றார் மின்சாரம்.

கைதட்டல் நாலு பக்கம் எழுந்து நாலு பக்கமும் அடங்கிவிட்டது. தான் எழுந்து நிற்பதே இடிக்கு நின்ற பிறகுதான் தெரிந்தது.

“ஐயா, கூச்சம் உங்களுக்கு. தண்டனை எங்களுக்கா?”

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். “நமக்கெல்லாம் வயசாயிடுச்சும்மா. இன்னும் எத்தனை நாளைக்குக் கத்திக்கிட்டே இருக்கறது?”

நாத்தனார் எழுந்தாள். மருத்துவமனையில் பல்வலிக்காரர்களிடம் பேசிப் பேசிப் பழகிய, அவசரமில்லாத குரல்.

“எங்க வீட்டு வாசல்ல ஒருத்தன் வந்து நின்னு கத்தினான், என்னை இழுத்துட்டுப் போக. எங்க அண்ணி உங்க பாட்டைப் போட்டுத்தான் அவனைத் துரத்தினாங்க. அன்னைக்கு இந்தப் புல்லாங்குழலைப் போட்டிருந்தா, அவன் கையைக் கட்டிக்கிட்டு நின்னு கேட்டிருப்பான். கேட்டு முடிச்சுட்டு என்னைக் கூட்டிட்டுப் போயிருப்பான்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மின்சாரம் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். “அது உங்களுக்கு உதவியிருந்தா சந்தோஷம்மா. ஆனா செஞ்சவன் நான். அதை மாத்த எனக்கு உரிமை இல்லையா?”

“தாராளமா இருக்கு. மாத்துங்க, வித்துக்குங்க, பேர் வாங்குங்க” என்றாள் இடி. “பழசு தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க. நாங்க அதுல நிமிர்ந்தவங்க. நாங்க ஒண்ணும் தப்பில்ல.”

“பழசைப் போடுங்க!” என்று பின்னாலிருந்து கிரேன்காரர் குரல் கொடுத்தார். அது அப்படியே கடை முழுவதும் பரவியது. கடைக்காரர் நெளிந்தார். புதிய பதிப்பு பெட்டி பெட்டியாக விற்பனைக்கு இருந்தது. ஆனாலும் உள்ளே போய்த் தன் சொந்தப் பழைய இசைத்தட்டை எடுத்துவந்துவிட்டார்.

“நான் இருக்கும்போது அது வேண்டாம்” என்றார் மின்சாரம்.

“அப்ப நீங்க போனதும் போடறோம் சார்” என்றார் கடைக்காரர், ரொம்பவும் பணிவாக.

மின்சாரம் தன் பையை எடுத்துக்கொண்டார். “வழி விடுங்க, பெரியவர் போகட்டும்” என்று இடிதான் கூட்டத்தை ஒதுக்கிவிட்டாள். யாரும் கூச்சலிடவில்லை. அவர் போகும்வரை மரியாதையாக நின்றார்கள்.

அதன் பிறகு தகரத்தில் முதல் அடி விழுந்தது. அலமாரிகள் ஆடின. டாக்டரம்மா முஷ்டியை உயர்த்திக் குதித்தார். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு, கொண்டை அவிழ, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அம்மாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டது. இடி தொண்டை கிழியக் கத்தினாள்.

புதிய பதிப்பு நன்றாகத்தான் விற்றது. ‘பக்குவம்’ என்று பத்திரிகைகள் பாராட்டின. பழசு மறுபடி வரவில்லை.

மறுநாள் காலை பணிமனை மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். யாரோ எடுத்த வீடியோ அவர் போனுக்கும் வந்திருந்தது. அதில் அவள் காற்றில் எகிறிக்கொண்டிருந்தாள்.

“இந்த வயசுல இதெல்லாம் உங்களுக்குத் தேவையா?”

முந்தின நாள் கத்தியதில் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. காற்றுதான் வந்தது. அவள் மேசை மேல் குனிந்து, அவருக்குத் தெளிவாகக் கேட்கும்படி சொன்னாள்.

“ரொம்பத் தேவை சார்.”

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.