பதினேழாம் நம்பர் கட்டிலில் போர்நிறுத்தம்

போர்நிறுத்தத்தைச் செவ்வாய்க்கிழமை காலை தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினேழாம் நம்பர் கட்டில். பிறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். தூரத்து நீரிணையின் இரு கரையிலும் இருக்கும் நாடுகள் பெற்ற பிள்ளை அது. பெற்ற புண்ணியவான்கள் வாசலோடு இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

கூட இருக்க ஆளில்லாத நோயாளிக்கு அந்த ஆஸ்பத்திரியில் கட்டில் கிடையாது. யாராவது கையெழுத்துப் போட்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அந்த நாடு முதலில் போடட்டும் என்று இந்த நாடும், இது போடட்டும் என்று அதுவும் சொல்லிவிட்டன. நல்லா இருக்கே கதை என்று, செய்தி கேட்டு வந்து நின்ற ஜெசிந்தா பேனாவை வாங்கினாள்.

அவள் புருஷன் கஸ்பாருக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. நாற்பத்து நான்கு நாளாக அந்த நீரிணையில் அறுபது கப்பல்கள் நங்கூரம் போட்டுக் கிடந்தன. அதில் ஒன்றில் அவன். அங்கே கப்பல் நின்றதால் எங்கேயோ ஓர் ஊரில் ரொட்டி அடுப்பு அணைந்திருந்தது, இன்னோர் ஊரில் பள்ளிக்கூட பஸ் நின்றிருந்தது. ஜெசிந்தாவுக்கு அதெல்லாம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இது பிழைத்தால்தான் கஸ்பார் வருவான். உறவுமுறை என்ற இடத்தில் 'வேண்டியவள்' என்று எழுதினாள். நர்ஸ் வாசித்துவிட்டு, "சரிக்கா" என்று அட்டையைக் கொடுத்தாள்.

எல்லையில் யாராவது துப்பாக்கியைத் தூக்கினால் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறும். ஜெசிந்தா நெற்றியில் ஈரத்துணி போடுவாள். "ஒரு வாய் குடி ராசா, என் தங்கம்லா" என்று நொய்க்கஞ்சி ஊட்டுவாள்.

சர்வதேச உறவுத் துறைப் பேராசிரியர்கள் இருவர் ரவுண்ட்ஸ் வந்தார்கள். நெட்டையானவர் நாடி பிடித்தார். "மேலே தட்டிக்கேட்க ஆளில்லாத உலகம்மா இது. ஒவ்வொரு நாடும் தன் பலத்தைத்தான் நம்பும். ஞாயிற்றுக்கிழமை தாண்டாது."

குட்டையானவர் இமையை விலக்கிப் பார்த்தார். "அப்படிச் சொல்லக்கூடாது. வியாபாரம் நடந்தால் நாடுகள் சண்டை போடாது. கப்பல் ஓடினால் பிழைத்துவிடும்."

"இது பிழைச்சாத்தானே சார் கப்பல் ஓடும்?" என்றாள் ஜெசிந்தா.

இருவரும் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சின்ன உயிர் அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. கஸ்பாருக்காகத்தான் வந்தாள்; இப்போது இதற்காகவும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டது. கப்பல்கள் நகர்ந்தன. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கஸ்பார் போன் செய்தான். "ஜெசி, ஹார்பருக்கு வெளிய நிக்கோம். நாலு மணிக்கு இறங்கிருவேன். கேட்டுக்கு வருவேல்லா?"

வருவேன் என்று சொல்லிவிட்டாள். ஆனால் இதை விட்டுவிட்டு எப்படிப் போக? துணையில்லாவிட்டால் கட்டிலைக் காலி பண்ணிவிடுவார்கள். எழுந்து உட்காரக்கூட அதற்கு இன்னும் தெம்பில்லை.

மூன்று மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், போர் வந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கையில் நாலு ஆரஞ்சுப் பழத்தோடு.

"இப்போ எப்படி இருக்கு?"

"மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் கண்ணசந்துச்சு." ஜெசிந்தா ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"அந்தக் கரைக்காரன் அடிப்பான்னு இந்தக் கரைக்காரன் பயந்தான், இவன் அடிப்பான்னு அவன் பயந்தான். ரெண்டு பயத்துக்கும் நான் ஒரு ஆளு ஓடணும்மா. இது பிறந்த பிறகுதான் கொஞ்சம் உட்காந்திருக்கேன்."

இத்தனை நாளும் சேர்த்து வைத்த வசவு அவள் வாய் வரை வந்தது. போர் ஆரஞ்சை உரித்து, கொட்டை எடுத்து, சுளைகளைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தது. அவள் தன் அட்டையைக் கழற்றி அதன் கழுத்தில் மாட்டினாள்.

"ரெண்டு மணிக்கொருக்கா கஞ்சி. காய்ச்சல் ஏறினா ஈரத்துணி. குரலை மட்டும் உசத்திராதீங்க."

"கஞ்சிக்குச் சீனி போடலாமா?"

"அரை ஸ்பூன்."

நர்ஸ் புதுப் படிவத்தை நீட்டினாள். உறவுமுறை என்ற இடத்தில் போர் 'அண்ணன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது.

"சரிண்ணே" என்றாள் நர்ஸ். ஜெசிந்தா துறைமுகத்துக்கு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.